ஃபிளெக்ஸுடன் 13 ஆண்டுகள்: மாதிரிக் கடையும் எங்கள் கிடங்கும்

2007இல் ஒரு கிடங்கின் சரக்கு இருப்பைக் காட்டும் திரையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அப்போதைய உலாவியில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பக்கம் முழுவதும் வெள்ளையாகி மீண்டும் வரும். அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் உலாவிக்குள் இருக்கும் ஃபிளாஷ் பிளேயரில் ஓடும் செயலிகளை எழுதுவதற்கான கருவித்தொகுப்பு ஃபிளெக்ஸ்; அதன் மாதிரிச் செயலிகளில் ஒன்றான 'ஃபிளெக்ஸ் ஸ்டோர்' கண்ணில் பட்டது. அது ஒரு கைப்பேசிக் கடை. விலை ஸ்லைடரை இழுத்தால், விலைக்குள் அடங்காத நோக்கியா கைப்பேசிகள் மங்கி மறையும், மிச்சமிருப்பவை நழுவி வந்து இடைவெளியை நிரப்பும். அந்த ஸ்லைடரை எத்தனை முறை இழுத்தேன் என்று கணக்கில்லை.

அதைவிடப் பெரிய சுகம் மவுஸின் வலது பொத்தானில் இருந்தது. அழுத்தினால் 'வியூ சோர்ஸ்'. கடையின் மொத்த நிரலும் கோப்பு கோப்பாக விரியும். மாறியின் தலையில் 'பைண்டபிள்' என்று ஒரு சொல்லை வைத்து, திரையின் அமைப்பை எழுதும் எம்எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த மாறியைச் சுருள் அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும்; மதிப்பு மாறும்போது திரையும் தானே மாறும். இன்று இதெல்லாம் சாதாரணம். அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை.

மேக்ரோமீடியா நிறுவனம் 2004இல் ஃபிளெக்ஸை வெளியிட்டபோது அது சர்வரில் ஓடும் பொருள். விலை ஆயிரக்கணக்கான டாலர். அடோபியின் கைக்கு வந்த பிறகு, 2006இல் வெளியான இரண்டாம் பதிப்பில்தான் அடிப்படைக் கருவித்தொகுப்பு இலவசமானது. எங்களைப் போன்ற ஐந்து பேர் குழு உள்ளே நுழைய முடிந்ததும் அதனால்தான். எண்களை வரைபடமாக்கும் கூறுகளுக்கு மட்டும் உரிமம் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வரைபடத்தின் மீதும் 'சோதனைப் பதிப்பு' என்ற வாட்டர்மார்க் விழும். முதல் முறை காட்டியபோது எங்கள் மேலாளர், "அந்த எழுத்து எதற்கு? எடுத்துவிடுங்கள்" என்றார். எடுப்பதற்கு என்ன விலை என்று சொன்னதும், எழுத்து இருக்கட்டும் என்றார்.

சர்வரிலிருந்து தரவு வாங்க, ஃபிளெக்ஸ் திரையைச் சர்வரோடு இணைக்கும் பிளேஸ்டிஎஸ் என்ற மென்பொருளின் மாதிரிகளைப் பின்பற்றினோம். டாம்கேட் என்ற ஜாவா சர்வரோடு சேர்ந்தே வரும், 8400ஆம் போர்ட்டில் எழும். ஆனால் மாதிரித் தரவுத்தளத்தைத் தனியாக இயக்கியிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு, அட்டவணை ஏன் காலியாக இருக்கிறது என்று அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன். எழுத்து வடிவிலான எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் ஏஎம்எஃப் என்ற இருமக் குறிமுறையில் தரவை அனுப்பியதும் மூவாயிரம் வரிசைகள் சட்டென வந்து நின்றன.

வினை அந்த மூவாயிரத்தில்தான் இருந்தது. மாதிரிகளில் பத்துப் பன்னிரண்டு வரிசைகள்தான் இருக்கும். கீழே உருட்டத் தேவையே வராது. எங்கள் திரையில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு டிக் பெட்டி வைத்திருந்தேன். திரை நடைமுறைக்கு வந்த மூன்றாம் நாள் கிடங்கிலிருந்து அழைப்பு: "சார், ஒன்றைத்தான் தொட்டேன். கீழே போய்ப் பார்த்தால் ஏழெட்டுப் பெட்டிகள் டிக் ஆகியிருக்கின்றன." அட்டவணை, கண்ணுக்குத் தெரியும் இருபது வரிசைகளுக்கு மட்டுமே பெட்டிகளை உருவாக்கி, உருட்டும்போது அதே பெட்டிகளைப் புதிய வரிசைகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. வேகத்துக்கான நல்ல ஏற்பாடு. நானோ டிக்கைத் தரவில் எழுதாமல் பெட்டியிலேயே விட்டிருந்தேன். பெட்டி எங்கே போனாலும் டிக்கும் கூடவே போயிற்று. வேண்டாத சரக்கு லாரியில் ஏறுவதற்குள் பிடித்துவிட்டார்கள். அன்று இரவே டிக்கைத் தரவுக்கு மாற்றி, வரிசை மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி தரவைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி எழுதினேன். மூன்று வரி நிரல்.

காலை முதல் மாலை வரை திறந்தே கிடந்த அந்தத் திரை, நினைவகத்தைத் தின்று கொழுத்த கதையும் உண்டு. அழுத்தம் போன்ற நிகழ்வுகளுக்குக் காத்திருக்கும் நிரல்துண்டுகளான நிகழ்வு கேட்பான்களைச் சேர்த்தேனே தவிர நீக்கவில்லை. மாதிரிச் செயலியை யார் எட்டு மணி நேரம் திறந்து வைத்திருக்கிறார்கள்?

இதற்கிடையே செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 2008 பிப்ரவரியில் ஃபிளெக்ஸ் 3 திறமூலமாக வந்தது. அதே நாளில், உலாவி இல்லாமல் கணினியிலேயே செயலியை ஓட்ட உதவும் ஏர் 1.0 வந்தது. 'டூர் டி ஃபிளெக்ஸ்' என்ற உதாரணத் தொகுப்பை ஏர் செயலியாக மேசையில் நிறுவி, அகராதி போல அன்றாடம் புரட்டினேன். 2010 மார்ச்சில் நான்காம் பதிப்பு: பொத்தான், பட்டியல் போன்றவற்றுக்கு ஸ்பார்க் என்ற கூறுகள் புதிது, பழைய கூறுகளும் உடன். ஒரே திரையில் இரண்டு சாதிப் பொத்தான்கள்! நாங்கள் பாதி மாற்றிவிட்டுக் களைத்து நிறுத்தினோம்.

ஒவ்வொரு புதுப் பதிப்புச் செய்தியையும் எங்கள் முடிவு சரி என்பதற்கான சான்றாகவே படித்தேன். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷுக்கு எதிராக எழுதிய கடிதத்தைப் படித்தபோதும், அது கைப்பேசிக்காரர்களின் சண்டை, கிடங்குக்கு என்ன என்றேன். 2011 நவம்பரில் கைப்பேசி உலாவிகளுக்கான ஃபிளாஷ் நின்றது. ஃபிளெக்ஸைத் திறமூல மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக அறிவிப்பும் வந்தது. கறவை நின்ற மாட்டைக் கோசாலையில் விடுவது போல என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கோசாலைக்காரர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். 2017 வரை பதிப்புகள் வந்தன. அந்த ஆண்டு ஜூலையில்தான் ஃபிளாஷ் 2020 இறுதியோடு முடியும் என்று அடோபி அறிவித்தது. மூன்றரை ஆண்டு அவகாசம். ஃபிளாஷ் இல்லாமல் திரைகளை மாற்றி எழுத நாங்கள் 2019 கடைசியில்தான் தொடங்கினோம், வழக்கம்போல.

மாற்றி எழுதும்போது பழைய எம்எக்ஸ்எம்எல் கோப்புகள் பெரிதும் உதவின. எந்தத் திரையில் எது எதற்குள் இருக்கிறது என்பதை வாசித்தாலே தெரிந்தது. எம்எக்ஸ்எம்எல்லை ஜாவாஸ்கிரிப்டாக்கும் அப்பாச்சி ராயலையும் பார்த்தோம். ஆனால் கூறுகள் வேறு, அப்படியே தூக்கி வைக்க முடியாது. லேபிள் அச்சிடும் திரையை மட்டும் ஏர் செயலியாக்கி ஒதுக்கினோம். ஏரை 2019இலிருந்து ஹார்மன் நிறுவனம் பராமரிக்கிறது, அந்தத் திரை இன்றும் ஓடுகிறது. மற்றவை 2021 ஜனவரி 12க்கு, அதாவது ஃபிளாஷ் பிளேயர் தன்னையே பூட்டிக்கொண்ட நாளுக்கு, ஒன்பது நாள் முன்பு முடிந்தன.

ஃபிளெக்ஸ் ஸ்டோர் என் பழைய மடிக்கணினியில் இருக்கிறது. உள்ளூர் சர்வரில் வைத்து, உலாவி தேவைப்படாத தனி பிளேயரில் திறந்தால் ஸ்லைடர் இப்போதும் இழுபடுகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் காட்டினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கைப்பேசிகளில் எதற்கு சார் இத்தனை பொத்தான்கள்?" என்று கேட்டாள்.