கரண்ட் விட்டுவிட்டுப் போகும் காருக்கு பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஈசியூ என்று வரிசையாக மாற்றச் சொல்கிறார்களா? பில் கட்டும் முன் படியுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் போர்டு மொத்தமாக அணைகிறது, இன்ஜின் நின்றுவிடுகிறது. ஓரங்கட்டிக் கொஞ்சநேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இந்தக் கோளாறோடு ஒர்க்ஷாப்புக்குப் போகிறவர்களிடம் பணம் பறிப்பது மிகச் சுலபம். கார் அங்கே போய்ச் சேரும்போது பழுது தெரியாது என்பதால், எதை மாற்றினாலும் "சரியாகிவிட்டது" என்று சொல்லிவிடலாம்.

இப்படி மாட்டிக்கொண்ட ஒரு காரின் பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நடந்தது புரியும். முதலில் புது பேட்டரி. சில வாரம் நன்றாக ஓடியது. மறுபடி அணைந்ததும், இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். மறுபடி கொஞ்சநாள் நிம்மதி. மூன்றாம் முறை போனபோது ஸ்கேனரைச் செருகி, வரிசையாக வந்த பிழைக் குறியீடுகளை (கோடு) காட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான "ஈசியூ போய்விட்டது" என்றார்கள். உரிமையாளர் அங்கேதான் நிறுத்தி, வேறொரு எலக்ட்ரீஷியனிடம் காரைக் கொண்டுபோனார். பழுது, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளில் இருந்தது. பாடியில் போல்ட் போடும் லக் (கேபிள் முனையின் உலோக வளையம்) பக்கம் உறைக்குள்ளே பச்சை பூத்து, செம்பு இழைகளில் பெரும்பாலானவை அறுந்து கிடந்தன.

முதல் இரண்டு பில்லிலும் "வயரிங் முழுச் சோதனை" என்று தனியாகக் கட்டணம் போட்டிருந்தார்கள். அந்த எர்த் போல்ட்டின் தலையிலிருந்து பாடி வரைக்கும் தொழிற்சாலையில் போட்ட பெயின்ட் கோடு துளிகூட விலகாமல் இருந்தது. ஸ்பேனர் அதைத் தொட்டதே இல்லை. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியதை அறியாமை என்று விட்டுவிட முடியாது.

சரி, கேபிள்தான் பழுது என்றால் பேட்டரி மாற்றியதும் எப்படிச் சரியானது? எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பேட்டரியை மாற்ற நெகட்டிவ் கிளாம்பை (பேட்டரி முனையைக் கவ்வும் பிடியை) கழற்றி, கேபிளை வளைத்து ஒதுக்கி, திரும்ப மாட்ட வேண்டும். ஆல்டர்னேட்டரை மாற்றும்போதும் முதலில் கழற்றுவது நெகட்டிவ்தான். அப்படி அசைக்கும்போது அறுந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், டெர்மினலில் படிந்த வெள்ளை உப்பும் சுரண்டப்படும். இன்ஜின் சூடும் சாலைக் குலுக்கலும் சில வாரத்தில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே "பார்ட் மாற்றினோம், சரியானது, மறுபடி வந்தது" என்றால், மாற்றும்போது எந்தெந்தக் கேபிள் அசைந்தது என்று முதலில் கேளுங்கள்.

கரண்ட் போகும் அந்த நேரத்தில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. உள்விளக்கு, ஹாரன், ஹசார்ட் இவை பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே வேலை செய்யும். அவையும் சேர்ந்து செத்து, கரண்ட் வந்தபின் கடிகாரமும் தொடக்கத்துக்குப் போயிருந்தால், கோளாறு பேட்டரி டெர்மினல், மெயின் பியூஸ், எர்த் இந்த மூன்றுக்குள்தான். அவை உயிரோடு இருந்து மீட்டர் போர்டும் இன்ஜினும் மட்டும் போனால், இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதன் ரிலே. சாவிக்கொத்தை லேசாக ஆட்டும்போது அணைந்து எரிந்தால் சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் போனால் பொதுவாக இப்படிச் சட்டென்று அணையாது. பேட்டரி விளக்கு எரியும், ஹெட்லைட் மெல்ல மங்கும், கொஞ்சதூரம் ஓடித்தான் நிற்கும்.

அடுத்து மல்டிமீட்டர். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, பேட்டரித் தூண்களில் (மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளில்) 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய ஆல்டர்னேட்டர்களில் இது கூடிக் குறையும். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து அதைக் குற்றம் சொல்லாதீர்கள்.) இந்த எண்களை பில்லில் எழுதாமல் "சார்ஜிங் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எர்த்தைச் சோதிக்கிறேன் என்று மீட்டரை ஓம் ரேஞ்சில் (தடையை அளக்கும் நிலையில்) வைத்து, "பீப் வருகிறது, கேபிள் நல்லா இருக்கு" என்பார்கள். அந்தச் சோதனை இங்கே உதவாது. நாலு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். கேபிளில் 0.05 ஓம் தடை ஏறியிருந்தாலே, செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்க முயலும்போது 7.5 வோல்ட் அங்கேயே போய்விடும். 0.05 ஓமைச் சாதாரண மல்டிமீட்டர் பிரித்துக் காட்டாது, அதன் வயர்களின் தடையே அதைவிட அதிகம். லோடு ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்றுதான் அளக்க வேண்டும். ஹெட்லைட், ப்ளோவர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, மீட்டரை டிசி 2 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் தூணிலேயே இருக்கட்டும், கிளாம்பில் வைக்காதீர்கள். சிவப்பு முனை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அப்படியே கேபிளைப் பிடித்து வளைத்து, முறுக்கிப் பாருங்கள். எண் எகிறினால் பழுது கையிலேயே இருக்கிறது. பிறகு சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து செல்ஃப் அடித்தால் 0.2-ஐத் தாண்டக் கூடாது. பாசிட்டிவ் தூணிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை 0.5 வரை விடலாம்.

மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் போதும். நெகட்டிவ் தூணையும் பாடி இரும்பையும் அதால் இணைத்து, வழக்கமாக அணையும் நிலையை உண்டாக்கிப் பாருங்கள். கோளாறு வரவில்லையென்றால் எர்த்தான் குற்றவாளி. (பாசிட்டிவ் பக்கம் கேபிள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

புது பேட்டரி போட்ட பிறகு கோளாறு தொடங்கியிருந்தால் தூணின் தடிமனைப் பாருங்கள். மெல்லிய தூண், தடித்த தூண் என இரு வகை உண்டு. தடித்த தூணுக்கான கிளாம்பை மெல்லிய தூணில் மாட்டினால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கிளாம்பின் இரு காதுகளும் முட்டிக்கொள்ளுமே தவிர, தூணை இறுக்காது. கையால் திருகினால் கிளாம்ப் சுற்றும். மெயின் பியூஸையும் வெறும் பார்வையில் விட்டுவிடக் கூடாது. போல்ட் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, உலோகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஸ்கேனர் கோடுகளைக் காட்டி ஈசியூ விற்பது மோசமான கட்டம். பி0562 என்றால் சிஸ்டம் வோல்டேஜ் குறைவு. யூ0100 என்றால் இன்ஜின் ஈசியூவோடு தொடர்பு அறுந்தது. கரண்ட் போனால் இவை வரத்தான் செய்யும். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று பல யூனிட்டுகளில் ஒரே நேரத்தில் கோடு விழுந்திருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான சப்ளையையோ எர்த்தையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈசியூவுக்கு வரும் சப்ளையும் எர்த்தும் லோடில் அளந்த ரீடிங்கை எழுதிக் கேளுங்கள். அதைத் தராதவரிடம் ஈசியூவை மாற்றாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, "வண்டி நிற்கவில்லை, அதனால் ஆல்டர்னேட்டர் நல்லது" என்று காட்டுகிறவரிடமிருந்து காரை உடனே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பேட்டரி விலகும் கணத்தில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். நன்றாக இருந்த ஈசியூவும் அதில் போகலாம், அதற்கும் உங்களிடம்தான் பில் நீட்டுவார்கள்.

எர்த் கேபிளை மாற்றும்போது பழைய தடிமனுக்குக் குறையாத கேபிள் கேளுங்கள். லக் கிரிம்ப் செய்ததாக (அழுத்தி நசுக்கிப் பொருத்தியதாக) இருக்க வேண்டும், இழைகளை முறுக்கி போல்ட்டில் சுற்றக் கூடாது. பாடியில் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவ வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். மாற்றிய பழைய பார்ட்டுகளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். "ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம்" என்பதை அந்த காரின் உரிமையாளரிடமும் சொன்னார்கள். பழைய ஆல்டர்னேட்டரை வெளியே கொடுத்துச் சோதிக்க அவருக்கு வழியில்லாமல் போனது.