தண்டியலங்காரம்: எப்படி வாங்குவது, எங்கிருந்து படிப்பது

அணி இலக்கணத்துக்கு ஒரே ஒரு நூல் வாங்குவதென்றால் தண்டியலங்காரம்தான். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் பலரும் பாதியில் மூடிவைத்துவிடுவார்கள். வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் எழுந்த நூல் இது. பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என்று மூன்று இயல்கள். முதல் இயல் செய்யுள் வகை, வைதருப்பம், கௌடம் என்ற இரண்டு செய்யுள் நடைகள் என்று போகும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரே பொருளணியியலுக்குப் போங்கள்.

அங்கே 35 அணிகள். உவமை மட்டும் 24 வகையாக விரிகிறது. இத்தனை எதற்கு என்று கேட்பது நியாயம்தான். விரி (ஒப்புமையை வெளிப்படச் சொல்வது), தொகை (அதை மறைத்து வைப்பது), ஐயம் (இதுவோ அதுவோ என்பது), விபரீதம் (உவமையும் பொருளும் இடம் மாறுவது), அபூதம் (உலகில் இல்லாததை உவமையாக்குவது), மாலை (உவமைகளைத் தொடராகக் கோப்பது) ஆகிய ஆறும் கைவந்தால் எழுதுகிறவருக்குப் போதும்.

பள்ளிப் பாடத்தோடு வருகிறவர்கள் இடறுவது பெயர்களில். பிறிது மொழிதல் இங்கே ஒட்டு, இரட்டுற மொழிதல் சிலேடை, இல்பொருள் உவமை அபூத உவமை. வஞ்சப்புகழ்ச்சியைத் தனி அணியாகத் தேடினால் கிடைக்காது; புகழ்வதுபோலப் பழிப்பதையும் பழிப்பதுபோலப் புகழ்வதையும் இலேசம் (மனக்குறிப்பை வேறொன்றால் மறைத்துச் சொல்லும் அணி) என்பாரும் உண்டு என்று அந்த அணியின் ஓரத்தில் சொல்லியிருக்கும். எடுத்துக்காட்டு உவமை என்ற பெயர் அந்த 24இல் இல்லவே இல்லை. இந்தப் பெயர் மாற்றங்களைப் பென்சிலால் அட்டையின் உள்பக்கம் குறித்துவைத்தால் பாதித் தலைவலி தீரும்.

நூலின் பலம், ஓர் அணியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வரையறைகள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை 'வாரல் என்பனபோல்' மறித்துக் கை காட்டுகின்றன. 'போல்' என்று கண்டதும் உவமை என எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். கொடி காற்றில் அசைவது இயல்பு. தடுக்கும் நோக்கம் கவிஞர் ஏற்றியது. அந்த நோக்கத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். இயல்பான நிகழ்ச்சி மட்டும் மிஞ்சினால் அது தற்குறிப்பேற்றம். வேற்றுமையணிக்கும் இப்படியொரு சோதனை உண்டு: முதலில் ஒப்புமை, பிறகுதான் வேறுபாடு. 'தீயினாற் சுட்டபுண்' குறளில் தீயும் நாவும் சுடுவதில் ஒன்று, ஆறுவதில் வேறு. ஒப்புமையே இல்லாமல் இரண்டு பொருளின் வேறுபாட்டை மட்டும் அடுக்கினால் அணி பிறக்காது. உவமைக்கும் உருவகத்துக்கும் சில வேளை சொல்வரிசைதான் வேலி: மலரடி உவமை, அடிமலர் உருவகம்.

குறை, எடுத்துக்காட்டுப் பாடல்கள். சோழன் புகழ் நிறைய. உரையில்லாமல் பொருள் பிடிபடாது. ஆகவே வாங்கும்போது ஏதாவது ஒரு பாடலைப் பிரித்துப் பாருங்கள். பதவுரையோடு, அணி எந்தச் சொல்லில் நிற்கிறது என்று ஒரு வரி விளக்கமும் இருந்தால் எடுக்கலாம். மூலம் மட்டும் அச்சிட்ட பதிப்புக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அது தமிழ் இணையக் கல்விக் கழகத் தளத்திலேயே இருக்கிறது. தேர்வுக்கு மட்டும் படிப்பவருக்கு இந்நூல் அதிகம், பாடநூலே போதும்.

சொல்லணியியலில் நாகபந்தம் (பாம்பு வடிவப் படத்துக்குள் எழுத்துகளை அடைப்பது), மாலைமாற்று (முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் பாட்டு) போன்ற சித்திரகவிகளைப் பொழுதுபோக்காகப் பார்த்துவிட்டு நகரலாம். பலரும் எட்டிப்பார்க்காத கடைசிப் பகுதிதான் இன்றைய உரைநடைக்கு அதிகம் உதவுகிறது. அங்கே ஒன்பது வழுக்கள் (சொல்லும் முறையில் வரும் பிழைகள்), ஆறு மலைவுகள் (உலக வழக்கு போன்றவற்றோடு முரண்படுவது). சொன்னதையே வேறு சொல்லில் சொல்வது மொழிந்தது மொழிவு. எந்தப் பொருள் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இழுப்பது கவர்படு பொருள்மொழி. எங்கே வழு வழுவாகாது என்ற விலக்கும் கூடவே உண்டு. ஒரு நிலத்துக்கு உரியதை இன்னொரு நிலத்தில் வைப்பது இடமலைவு, பருவம் பிசகுவது காலமலைவு. கதையோ கட்டுரையோ எழுதி முடித்ததும் இந்தப் பதினைந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரதியைத் திருத்திப் பாருங்கள். நூலுக்குக் கொடுத்த விலை அங்கேயே கழிந்துவிடும்.