கைக்குழந்தையோடு அமெரிக்காவிலிருந்து ஊருக்கு: எந்த வழி, எந்த வயது, எந்த டிக்கெட்?

நியூஜெர்சியில் பிறந்த பிள்ளையைத் தஞ்சாவூரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் காட்ட வேண்டும். டிக்கெட் தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது விலை, அடுத்தது மொத்தப் பயண நேரம். கைக்குழந்தை கூட வரும்போது இந்த இரண்டுமே இரண்டாம்பட்சம். நடுவழியில் எத்தனை தடவை பெட்டிகள் உங்கள் கைக்கு வரும், தூங்குகிற பிள்ளையை எத்தனை தடவை எழுப்ப நேரும் என்று எண்ணிப் பாருங்கள். எந்த வழி நல்லது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

டெல்லியா, வளைகுடாவா, ஐரோப்பாவா?

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. எப்படியும் எங்காவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும்.

டெல்லி வழி பார்க்க எளிது. நியூயார்க் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் 14 மணி நேரம், அதற்குமேல் ஒரு உள்நாட்டு விமானம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு ஏர் இந்தியாவுக்குச் சுற்றுப்பாதை வந்து நேரம் கூடியது. அதனால் பதிவு செய்யும் நாளில் உள்ள அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். உண்மையான சிக்கல் இறங்கிய பிறகு ஆரம்பிக்கிறது. இமிக்ரேஷனும் சுங்கமும் பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே முடிந்தாக வேண்டும். பெட்டியில் சென்னை என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், டெல்லியில் பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, மறுபடி செக்யூரிட்டி வரிசையில் நிற்க வேண்டும். விமான வாசலில் கொடுத்த ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) வாசலுக்கே திரும்பி வரும் என்ற உறுதியும் இல்லை. பல நேரம் பெல்ட்டில்தான் வரும். அதுவரை பிள்ளை தோளில்தான். மும்பை வழியும் இப்படித்தான்.

உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்து மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் பணம் போகும். சர்வதேச டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு என்றால், இருவருக்கு 92 கிலோ. தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோதான். மீதி 62 கிலோவுக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். டெல்லி வழி என்று முடிவு செய்தால் எல்லாம் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும், நடுவில் 4 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும்.

வளைகுடா வழியில் (துபாய், தோஹா, அபுதாபி) பெட்டிகள் நேராகச் சென்னையில்தான் கைக்கு வரும். முதல் விமானம் 12 முதல் 14 மணி நேரம், இரண்டாவது 4 மணி நேரத்தை ஒட்டி. விமான நிலையத்துக்கு உள்ளேயே மாறினால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். துபாயில் நடைபாதையிலேயே இலவச ஸ்ட்ரோலர் கிடைக்கும். குறை என்னவென்றால், சென்னைக்கான பல விமானங்கள் இரவில் கிளம்பி விடியலுக்கு முன் இறக்கிவிடும். அந்த 4 மணி நேரத்திலும் சாப்பாடு, தட்டு எடுப்பது, அறிவிப்பு என்று விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முதல் விமானத்தில் நன்றாகத் தூங்கிய பிள்ளை இதில்தான் அழும். காலையில் கிளம்பி மதியம் சென்னையில் இறங்கும் விமானம் அட்டவணையில் இருந்தால், லேயோவர் (நடுவில் காத்திருக்கும் நேரம்) 3 மணி நேரம் கூடினாலும் அதையே எடுங்கள்.

லண்டன் அல்லது பிராங்பர்ட் வழியில் பயணம் 7-8 மணி, 9-10 மணி என்று ஏறக்குறைய சம பாதியாகப் பிரியும். காகிதத்தில் அழகாகத் தெரியும். ஆனால் கிழக்குக் கரையிலிருந்து ஐரோப்பா போகும் இரவு விமானத்தில், சாப்பாடும் காலை உணவும் போக இருட்டாக இருப்பது நான்கு மணி நேரம்தான். அடுத்த விமானம் முழுக்கப் பகல், இறங்குவது சென்னையில் நள்ளிரவையொட்டி. இதைவிட முக்கியமாக, நடுவில் விமானம் மாறுவதற்கான ட்ரான்சிட் விசா விதி இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதியாகி, எச்-1பி (அமெரிக்க வேலை விசா) ஒப்புதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவது உண்டு. இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. உங்கள் பாஸ்போர்ட், ஸ்டாம்ப் நிலைமைக்கு இன்றைய விதி என்ன என்று அந்த நாட்டின் தூதரகத் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 17 மணி நேரம், அங்கிருந்து நேராகத் திருச்சிக்கு 4 மணி நேரம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடிக்காரர்கள் சென்னையை மறந்துவிடலாம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள். சென்னையிலிருந்து சுமார் 340, காரில் 6 மணி நேரத்துக்கு மேல். விடிகாலை 3 மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, வெளியே காத்திருக்கும் காரில் அப்படியே ஏறிப் போவதுதான் மொத்தப் பயணத்தில் மோசமான முடிவு. ஓட்டுநரும் தூங்காதவர், நீங்களும் தூங்காதவர்கள். பகலில் ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டு, இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுவது எவ்வளவோ மேல். 5 வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட்டும் இல்லை.

ஆக, கிழக்குக் கரைக்கு வளைகுடா, மேற்குக் கரைக்கு சிங்கப்பூர். டெல்லி, பெட்டி இழுக்கத் தெம்புள்ள இன்னொருவர் கூட வந்தால் மட்டும்.

4 மாதத்திலா, 8 மாதத்திலா, ஒரு வயது திரும்பியா?

4 மாதக் குழந்தை பயணத்துக்கு மிக லகு. பால் மட்டும்தான், தவழாது, விமானத் தொட்டிலில் தாராளமாகப் படுக்கும். ஆனால் தட்டம்மைத் தடுப்பூசியை 6 மாதத்துக்குமுன் போட முடியாது. கல்யாணம், கோயில் திருவிழா என்று நூறு கை மாறும் இடத்துக்குத் தடுப்பு இல்லாத பிள்ளையைக் கொண்டுபோவதற்கு இது சமம். பாஸ்போர்ட், விசா வேலைக்கும் நாள் இடிக்கும்.

7 முதல் 9 மாதம்தான் எங்கள் தேர்வு. வெளிநாடு போகும் 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசியை முன்கூட்டியே ஒரு டோஸ் போடச் சொல்வது அமெரிக்க நடைமுறை. ஹெபடைடிஸ் ஏ ஊசிக்கும் அப்படியே. கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். இந்த முன் டோஸ் கணக்கில் சேராது, வயது திரும்பிய பிறகு வழக்கமானவற்றை முழுசாகப் போட வேண்டும் என்பதை டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். குலதெய்வம் கோயிலில் ஒற்றைப்படை மாதத்தில் மொட்டை போடும் வீடுகளுக்கு 7 அல்லது 9 கச்சிதமாக வரும். இட்லியும் கேழ்வரகுக் கூழும் சாப்பிடத் தொடங்கியிருக்கும். யாராவது நாக்கில் தேன் தடவ வந்தால் மட்டும் விடாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமி வித்து, ஒரு வயதுக்குள் உள்ள குடலில் முளைத்து நஞ்சாகும். காய்ச்சினாலும் சாகாது.

வயது திரும்பினால் ஊசிகள் முடிந்திருக்கும், ஆனால் நடக்கப் பழகிய பிள்ளையை 14 மணி நேரம் மடியில் வைத்திருப்பது தண்டனை. இன்னொன்று: பயணத்துக்கு நடுவில் 2 வயது முடிந்தால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும்.

எந்த மாதம் என்றால், ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. டிசம்பரில் டிக்கெட் விலை ஏறும், மழையும் கொசுவும் ஓய்ந்திருக்காது. மே மாதக் கத்திரியில் கைக்குழந்தைக்கு வேர்க்குருதான் மிச்சம்.

மடியா, தனி இருக்கையா?

சர்வதேச விமானத்தில் மடிக்குழந்தைக்கும் டிக்கெட் உண்டு. பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம், அதோடு வரி. பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், அன்றைய முழுக் கட்டணத்தில் 10 சதவீதம் கேட்பார்கள்.

மடி டிக்கெட் எடுப்பவர்கள் நம்புவது முன்வரிசைத் தடுப்புச் சுவரில் மாட்டும் தொட்டிலை. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெரும்பாலும் 10 முதல் 14 கிலோவுக்குள். நீள வரம்பும் உண்டு. எடை சரியாக இருந்தும் கால் இடிக்கும் பிள்ளைகள் நிறைய. டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். விமானத்தை மாற்றினால் அந்தப் பதிவு காணாமல் போகும் என்பதால், 3 நாள் முன்பு ஒருமுறை மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் பிள்ளையை எடுத்து மடியில் வைக்க வேண்டும். வங்காள விரிகுடா மேல் மழைக்காலத்தில் அந்த விளக்கு அடிக்கடி எரியும். முன்வரிசையில் கைப்பிடி மேலே தூக்காது, காலடியில் பை வைக்கவும் விடமாட்டார்கள். ஆகவே டயப்பர், துடைப்புத் தாள், மாற்றுடை ஒரு செட் ஆகியவற்றை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, இருக்கைப் பைக்குள் செருகுங்கள்.

தனி இருக்கை என்றால் குழந்தைக் கட்டணம், பெரியவர் விலையை நெருங்கும். அதில் கார் சீட்டைக் கட்டினால் பிள்ளை பழகிய இடத்தில் தூங்கும், குலுங்கினாலும் எழுப்ப வேண்டாம். விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று சான்றளிக்கும் சிவப்பு எழுத்து வரி அந்த சீட்டின் ஒட்டுத்தாளில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பணிப்பெண் மறுப்பார். அமெரிக்கா அல்லாத நிறுவனமானால் சீட்டின் மாதிரிப் பெயரைச் சொல்லி முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். 8 மாதம் வரை மடியும் தொட்டிலும் போதும். 10 கிலோவைத் தாண்டிவிட்டால் தனி இருக்கைப் பணம் வீண் இல்லை.

ஈ-விசாவா, ஓசிஐயா?

முதலில் பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட். 16 வயதுக்குக் கீழே என்பதால் தாயும் தந்தையும் குழந்தையோடு நேரில் போக வேண்டும். டிஎஸ்-11 படிவம், 100 டாலர் கட்டணமும் 35 டாலர் ஏற்புக் கட்டணமும். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி கையெழுத்தோடு டிஎஸ்-3053.

அது கைக்கு வந்த பின், இணையத்தில் எடுக்கும் இந்திய ஈ-விசா சில நாளில் கிடைக்கும். இந்திய வம்சாவளியினருக்கான ஆயுட்கால அட்டையான ஓசிஐக்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள். நீண்ட காலத்துக்கு ஓசிஐதான் சரி, ஆனால் முதல் பயணத்தை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தமிழர்களுக்கு ஓசிஐ விண்ணப்பம் நிற்கும் இடம் பெரும்பாலும் பெயர். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு எழுத்து மாறி ராமசாமி, ராமஸ்வாமி என்று இரண்டு விதமாக இருக்கும். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப அது போதும். மருத்துவமனையில் பிறப்புப் படிவம் நிரப்பும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்து எழுதினால் இந்த அலைச்சல் இல்லை.

ஈ-விசாவில் 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூன்று வகை. 30 நாளை எடுக்காதீர்கள், அதை நீட்டிக்க முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு அமெரிக்க விசா ஸ்டாம்பிங் அங்கே தாமதமானால், அமெரிக்கப் பிள்ளை மட்டும் காலாவதியான விசாவோடு நிற்கும். ஓராண்டு விசாவுக்கு ஆகும் கூடுதல் பணம் சொற்பம்.

எடுத்துப் போவதா, ஊரில் வாங்குவதா?

டயப்பரை ஊரில் வாங்குங்கள், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஃபார்முலா பால் பவுடரைப் பயணக் காலம் முழுமைக்கும் எடுத்துப் போங்கள். ஊரில் வாங்க நேர்ந்தால் கரண்டியைக் கவனியுங்கள். அமெரிக்க டின்களில் பொதுவாக ஒரு கரண்டிக்கு 60 மில்லி தண்ணீர், இந்திய டின்கள் பலவற்றில் 30 மில்லி. பழைய பழக்கத்தில் இந்தியப் பவுடரை 60 மில்லியில் ஒரு கரண்டி கலந்தால் பால் பாதிக்குப் பாதி நீர்த்துப்போகும், பிள்ளை எடை இறங்கும்.

காய்ச்சல் மருந்தில் இது இன்னும் ஆபத்து. அமெரிக்கக் குழந்தை பாராசிட்டமால் 5 மில்லியில் 160 மில்லிகிராம். இந்திய சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சொட்டு மருந்து ஒரு மில்லிக்கே 100. டாக்டர் 8 கிலோ பிள்ளைக்கு 120 மில்லிகிராம் என்றால், அமெரிக்க பாட்டிலில் அது 3.75 மில்லி, 250 சிரப்பில் 2.4 மில்லி, சொட்டு மருந்தில் 1.2 மில்லி. பழைய அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். ஒரே பாட்டிலை இங்கிருந்து எடுத்துப் போய், அதன் சிரிஞ்சையும் அதோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிடுங்கள். பாட்டி அவசரத்தில் எடுத்தாலும் அளவு தப்பாது.

கார் சீட்டையும் எடுத்துப் போங்கள். வாடகைக் கார்களில் கேட்டாலும் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு நுணுக்கம். அமெரிக்கக் கார் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து விட்டால் அது பூட்டிக்கொள்ளும். சீட்டை இறுக்குவது அதை வைத்துத்தான். இந்தியக் கார்களின் பெல்ட் பொதுவாக அப்படிப் பூட்டாது, பிரேக் போட்டால் மட்டுமே பிடிக்கும். கட்டிய சீட் வளைவு வரும்போதெல்லாம் தளர்ந்து சாயும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இல்லாவிட்டால், எச் வடிவ உலோக லாக்கிங் கிளிப் ஒன்று தேவை. சில சீட்டுகளின் முதுகுப்பக்கத்திலேயே செருகியிருக்கும். பெல்ட்டின் இரண்டு பட்டைகளையும் சேர்த்து, கொக்கி நாக்கிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் அதை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு சீட்டைப் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அவிழ்த்து, முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு மறுபடி இறுக்குங்கள்.