மலைநாட்டுக் காலையும் எச்-ஆல்பா தொலைநோக்கியும்: மூன்று வருடத்துக்குப் பிறகு

எச்-ஆல்பா தொலைநோக்கி, அதாவது ஐதரசனின் ஒரே ஒரு சிவப்பு ஒளியில் சூரியனைக் காட்டும் கருவி, வாங்கலாமா என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே ஆசைதான்: சூரியன் வெடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் மூன்று வருடத்துக்கு மேலாக ஒன்றைப் பாவித்து வருகிறேன். நான் சொல்வது இதுதான்: ஃபிளேர் எனும் அந்த வெடிப்புக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். சூரிய விளிம்பில் எழுந்து நிற்கும் புரோமினன்ஸுக்காக வாங்குங்கள். அது அநேகமாகத் தினமும் இருக்கும், அதுவும் நம்முடைய காலை நேரத்திலேயே இருக்கும்.

என்னுடையது 50 மில்லிமீற்றர் வில்லை, 350 மில்லிமீற்றர் குவியத்தூரம். கைப்பையில் அடங்கிவிடும். இதன் உயிர் உள்ளே இருக்கும் எட்டலான் என்ற வடிகட்டி. ஐதரசன் தரும் 656.28 நானோமீற்றர் சிவப்பைச் சுற்றி 0.7 ஆங்ஸ்ட்ரோம் (ஒரு ஆங்ஸ்ட்ரோம் என்பது நானோமீற்றரில் பத்தில் ஒன்று) அகலத்தை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் அதுவும் கண்வில்லைப் பக்கம் உள்ள தடுப்பு வடிகட்டியும் சேர்ந்து தடுத்துவிடுகின்றன. கண்ணைக் கூச வைக்கும் மேற்பரப்பு அடங்கி, அதன் மேலுள்ள நிறமண்டலம் தெரிகிறது. ஒரு காலத்தில் இதைப் பார்க்க முழுச் சூரிய கிரகணம் வர வேண்டும். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைப் பார்க்கக் குண்டூருக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், மறுநாள் கிரகணம் இல்லாமலேயே ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியால் புரோமினன்ஸைப் பார்த்துக் காட்டினார். அன்றைக்கு அவர் பட்ட பாட்டுக்கு, இன்றைக்கு வீட்டு முற்றத்தில் ஒரு முக்காலி போதும்.

மலையில் இருப்பவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. எட்டலானின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பது காற்று. கொட்டகலை உயரத்தில், ஏறத்தாழ 1250 மீற்றரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 13, 14 சதவீதம் குறைவு. அதனாலேயே வடிகட்டி கால் ஆங்ஸ்ட்ரோம் அளவுக்கு நீலப் பக்கம், அதாவது குறுகிய அலைநீளப் பக்கம், நகர்ந்துவிடும். மொத்த அகலமே 0.7 என்னும்போது அது சின்ன நகர்வு இல்லை. எட்டலானைச் சாய்த்துச் சரிசெய்யும் வகைகளில், சாய்க்கச் சாய்க்க அலைநீளம் இன்னும் நீலப் பக்கம்தான் போகும். இழந்ததைத் திருப்பி எடுக்க வழி குறைவு. என்னுடையது அழுத்தத்தால் சரிசெய்யும் வகை. பக்கத்தில் உள்ள உருளையைத் திருகினால் உள்ளே காற்று அமுங்கும், சிவப்புப் பக்கம் திரும்பி வரலாம். கொழும்பிலிருந்து மேலே கொண்டுவந்தால் உருளையை ஒருமுறை முழுதாகக் கழற்றி, இங்கத்தைய காற்றை உள்ளே விட்டு, திரும்பப் பூட்ட வேண்டும். நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு, 1868 மீற்றரில், இது இன்னும் முக்கியம். மலைநாட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வகையை மட்டும்தான்.

சரி, என்ன தெரியும்? விளிம்பில் சிவப்பாக ஒரு வளைவு, ஒரு தூண், சில நாள் வேலி மாதிரி நீண்ட வரிசை. சூரியனின் குறுக்கே 109 பூமிகளை அடுக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், சின்னதாகத் தெரியும் தூணே பல பூமி உயரம். பக்கத்து லயத்தில் கொழுந்து எடுக்கும் பெரியம்மா ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நெருப்பா தம்பி, மேகமா?" என்று கேட்டார். நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி அது. மேகம் என்பதே உண்மைக்குக் கிட்ட. சுற்றியுள்ள கொரோனா என்ற வெளி வளிமண்டலம் பத்து லட்சம் பாகைக்கு மேல் கொதிக்க, புரோமினன்ஸ் பத்தாயிரம் பாகை அளவில் குளிர்ந்து, அடர்ந்து கிடக்கிறது. கீழே விழாமல் அதைத் தூக்கி வைத்திருப்பது காந்தப்புலம். அதே பொருள் சூரிய முகத்துக்கு முன்னால் வந்தால் கறுப்பு நூலாகத் தெரியும். அதைத்தான் ஃபிலமென்ட் என்கிறார்கள். விளிம்பில் பார்த்த தூண் இரண்டு மூன்று நாளில் உள்ளே நகர்ந்து நூலாக மாறுவதைத் தொடர்ந்து பார்த்தால்தான், இரண்டும் ஒன்று என்பது மனதில் பதியும். எனக்கு இந்தத் தொலைநோக்கி தந்ததில் மிகப் பெரியது அதுதான்.

காந்தப்புலம் பிடியை விட்டால் அந்த மேகம் கிளம்பிவிடும். விளிம்பில் நடந்தால் நன்றாகத் தெரியும். கால்மணிக்கு ஒரு தடவை பென்சிலால் வரைந்து வையுங்கள். மூன்றாவது படத்தில் உயரம் கூடியிருப்பது கைக்கே தெரிந்துவிடும். சூரிய முகத்தின் நடுவில் ஃபிலமென்ட் கிளம்பினால் கதை வேறு. நம்மை நோக்கி வருவதால் அதன் நிறம் நீலப் பக்கம் நகரும். விநாடிக்கு 45 கிலோமீற்றர் வேகத்துக்கே ஒரு ஆங்ஸ்ட்ரோம் போய்விடும், வடிகட்டியின் அகலத்தைத் தாண்டிவிடும். அதனால் நூல் கரைந்து போனதுபோலத் தோன்றும். வேகம் குறைவான ஆரம்பக் கட்டத்தில் அழுத்த உருளையைத் தளர்த்தினால், மறைந்த நூல் கொஞ்ச நேரம் திரும்ப வரும். அந்த நிமிடம் உடம்பு சிலிர்க்கும். நம்மை நோக்கி வருகிறது என்பதை ஒரு திருகாணி சொல்லிவிடுகிறதே!

ஃபிளேர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபிளேர்களில் மிகப் பலமான வகுப்பு எக்ஸ், அதற்கு அடுத்த கீழ் வகுப்பான 'எம்' வகுப்பைவிடப் பத்து மடங்கு. 2024 மே மாதத்து 13664 என்ற கரும்புள்ளிக் கூட்டம், கிரகணக் கண்ணாடி மட்டும் போட்டாலே வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. மே 8ஆம் திகதி எக்ஸ் 1.0 ஃபிளேரின் உச்சம் நம்முடைய நேரம் காலை 10.39. அது எனக்குக் கிடைத்தது. புள்ளிகளுக்கு நடுவே ஒளிக் கோடுகள் பளீரென்று எழுந்து, மெதுவாக மங்கின. பத்தாம் திகதி எக்ஸ் 3.9 பகல் 12.24க்கு, அப்போது மேகம் மூடியிருந்தது. பதினோராம் திகதி எக்ஸ் 5.8 காலை 6.53க்கு, எங்கள் கிழக்குப் பக்கம் மலை, வெயில் முற்றத்துக்கு வரவே ஏழரை ஆகும். பதினான்காம் திகதி எக்ஸ் 8.7 இரவு 10.21க்கு. அதே வருடம் ஒக்டோபர் 3ஆம் திகதி வந்த எக்ஸ் 9.0 மாலை 5.48க்கு, சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகு. எக்ஸ் வகுப்பு அரிது, சில நிமிடங்களிலேயே உச்சம் தொட்டுவிடும். ஃபிளேர்களையே நம்பி இருந்தால் மனம் சோர்ந்துவிடும் என்று சொல்வது இதனால்தான்.

இடமும் காலமும் இங்கே பாதி வேலை. காலை ஏழரையிலிருந்து பத்து வரைதான் காற்று அமைதி. தகரக் கூரைக்கு மேலாகவோ தார் ரோட்டுக்கு மேலாகவோ பார்த்தால் விளிம்பு கொதிக்கும். தேயிலை மலைக்கு மேலாகப் பார்த்தால் அதே நேரம் கத்தி மாதிரி நிற்கும். பச்சை போர்த்திய நிலம் அவ்வளவு சீக்கிரம் சுடாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் பக்கத்துக்குப் பொற்காலம். மே கடைசியில் தென்மேல் பருவம் இறங்கினால் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா எல்லாம் மூடிவிடும். அந்த மாதங்களில் ஊவாப் பக்கம் வெயில். பண்டாரவளையில் சின்னம்மா வீடு இருப்பதால் தொலைநோக்கியை அங்கே கொண்டுபோய்விடுகிறேன். அப்புத்தளைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில் என்பதை ரயிலில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். முக்காலி அங்கே திரும்ப மறுக்கும், கழுத்தும் வலிக்கும். அந்த வாரங்களில் காலையோடு நிறுத்திவிடுவது நல்லது.

தலைக்கு மேல் கறுப்புத் துணி கட்டாயம். ஆழ்ந்த சிவப்பில் நம் கண் பலவீனம். பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் மெல்லிய புரோமினன்ஸ் தெரியாமலே போகும். அம்மாவின் பழைய கறுப்புக் கம்பளியைத்தான் நான் போர்த்திக்கொள்கிறேன். விற்பனைக்கு வரும் எந்தத் துணியும் அதற்கு ஈடில்லை.

இங்கே பெரிய எதிரி ஈரம். வில்லையில் பூஞ்சணம் பிடித்தால் போனதுதான். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நிறம் மாறினால் சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், அதன் தூசு உள்ளே போய்விடும். அழுத்த உருளையின் இறப்பர் வளையத்துக்கு வருடம் ஒரு தடவையாவது கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். இல்லாவிட்டால் காற்று கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் நகரும்.

காலையில் முதலில், உலகின் பல இடங்களிலிருந்து சூரியனைத் தொடர்ந்து படமெடுக்கும் கோங் (GONG) வலையமைப்பின் எச்-ஆல்பா படத்தை இணையத்தில் பார்ப்பேன். அதன் ஆறு நிலையங்களில் ஒன்று இந்தியாவின் உதய்ப்பூரில் இருக்கிறது. நம்முடைய மணியும் அதன் மணியும் ஒன்று. எங்கே என்ன எழுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு வெளியே போகலாம். எங்களுக்கு மேகம் என்றாலும் அன்றைய நாள் முழுதாகக் கைநழுவாது.

விலை ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும். அவ்வளவு முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சாதாரணத் தொலைநோக்கியின் முன்பக்கம் சூரிய வடிகட்டித் தாளை இறுக்கமாகப் பொருத்துங்கள். ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், 5.0 அடர்த்தி கொண்ட தாள் வேண்டும். கரும்புள்ளிகள் அருமையாகத் தெரியும், புரோமினன்ஸ் தெரியாது. எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, கண்வில்லையில் திருகும் சின்னக் கறுப்பு வடிகட்டி இவற்றைப் பிள்ளைகள் கையில் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பார்வை போனால் வலிக்கக்கூட வலிக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது.

பழையது வாங்குகிறவர்கள் கண்வில்லைப் பக்கம் உள்ள தடுப்பு வடிகட்டியை வெளியே எடுத்து, சூரியனை நோக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து துரு மாதிரியோ பால் படிந்த மாதிரியோ தெரிந்தால் அதை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பேசுங்கள். ஈரமான ஊரில் இருந்து வந்த பொருள் என்றால் இந்தச் சோதனை இல்லாமல் காசு கொடுக்கவே வேண்டாம்.