ஈமேக்ஸ் நெட்-யூடில்ஸ்: எல்லாம் சரி, டிஎன்எஸ் பாக்க எத்தனை கமாண்டுதான்யா வேணும்

ஈமேக்ஸ் எடிட்டர் கூடவே வர்ற, நெட்வொர்க் கமாண்டுகள உள்ளருந்தே ஓட்டுற நெட்-யூடில்ஸ் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல, ஆனா சர்வர் வேலை பாக்குறவங்களுக்கு உருப்படியான சாமான் அது. பிங், டிரேஸ்ரூட், நெட்ஸ்டாட், ஹூஇஸ் எதுவா இருந்தாலும் எம்-எக்ஸ் (ஆல்ட்+எக்ஸ்) போட்டு பேரை அடிச்சா ரிசல்ட் தனி பஃபர்ல, அதாவது எடிட்டருக்குள்ளயே ஒரு தனி பக்கத்துல வந்து விழும், அதுக்குள்ளயே தேடலாம், காப்பி பண்ணலாம், கர்சர் ஒரு ஹோஸ்ட் பேர் (சர்வர் பேர்) மேல நின்னா பிங் மாதிரி கமாண்டுகள் அதையே டிஃபால்ட்டா எடுத்துக்கும், லாக் ஃபைல் படிச்சிட்டிருக்கும்போது அந்த வசதியோட அருமை தெரியும். லினக்ஸ்ல பிங் 4 தடவை போயிட்டு தானா நின்னுரும், நாம போய் நிறுத்த வேண்டியதில்ல.

எனக்கு ரொம்ப புடிச்சது மெஷினோட நெட்வொர்க் செட்டிங்க காட்டுற இஃப்கான்ஃபிக்தான். மெஷின்ல இஃப்கான்ஃபிக் இருந்தா அதை ஓட்டும், இல்லன்னா சத்தமில்லாம ஐபி கமாண்டுக்கு போயிரும். நெட்ஸ்டாட்டும் அப்படித்தான், அது இல்லன்னா எஸ்எஸ் கமாண்டு. விண்டோஸ்காரங்க கைப்பழக்கத்துல ஐபிகான்ஃபிக்னு அடிச்சாலும் அதே கமாண்டுதான் ஓடும். பேர் எத்தனை வேணா இருக்கட்டும், வேலை ஒண்ணுன்னா பின்னாடி இருக்குறதும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதான் நான் கேக்குறது.

டிஎன்எஸ் (சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்துற சிஸ்டம்) பக்கம் வந்தா அந்த ஒழுங்கெல்லாம் காணோம். என்எஸ்லுக்கப் ஒண்ணு, என்எஸ்லுக்கப்-ஹோஸ்ட் ஒண்ணு, டிஎன்எஸ்-லுக்கப்-ஹோஸ்ட் ஒண்ணு, டிக்ங்குற டிஎன்எஸ் புரோகிராம ஓட்டுற ரன்-டிக் ஒண்ணு, இது போதாதுன்னு அதே புரோகிராம ஓட்ட டிக்னு வேற ஒரு ஃபைல்ல இன்னொண்ணு, அதை எழுதினவர் வேற இதை எழுதினவர் வேற, ரெண்டும் அது அது பாட்டுக்கு வருஷக்கணக்கா ஓடிட்டிருந்துச்சு. கூத்து என்னன்னா எந்த புரோகிராம ஓட்டணும்னு சொல்ற டிக்-புரோகிராம்ங்குற ஆப்ஷனையே ரெண்டு ஃபைல்லயும் அதே பேர்ல வச்சிருந்தாங்க.

இப்போ புது வெர்ஷன்கள்ல ரன்-டிக்க ஓரங்கட்டிட்டு டிக்க மட்டும் வச்சிருக்காங்க. சரியான ஆளைத்தான் வச்சிருக்காங்க, ஏன்னா டிக்ல ரிசல்ட் கலர்ல வரும், க்யூ அடிச்சா மூடிரும், எம்எக்ஸ் ரெக்கார்டா (மெயில் சர்வர்) டிஎக்ஸ்டி ரெக்கார்டான்னு (டெக்ஸ்ட்) டைப்பும் கேட்டு வாங்கிக்கும், மத்த எலிஸ்ப் (ஈமேக்ஸோட புரோகிராமிங் மொழி) கோடும் உள்ள கூப்பிட்டுக்கலாம் (மெயில என்கிரிப்ட் பண்ற எஸ்/மைம்ல சர்டிஃபிகேட்ட டிஎன்எஸ் வழியா தேடுறதே இது வழியாத்தான்). ஒரு கடுப்பு மட்டும் இருக்கு. ரன்-டிக்ல கமாண்டுக்கு முன்னாடி கன்ட்ரோல்-யூ அடிச்சா நேம் சர்வர் கேக்கும், டிக்ல அதே கன்ட்ரோல்-யூ ரெக்கார்டு டைப்ப கேக்குது, சர்வர் வேணும்னா ரெண்டு தடவை அடிக்கணும். கை பழகுற வரைக்கும் திட்டிக்கிட்டேதான் இருக்கணும்.

மிச்சத்தையும் சேத்துரலாமேன்னா அங்கதான் சிக்கல். விண்டோஸ்ல டிக் கூடவே வராது, என்எஸ்லுக்கப் மட்டும்தான் இருக்கும், அதனால என்எஸ்லுக்கப்-ஹோஸ்ட்ட தூக்குனா அவங்க பாடு திண்டாட்டம். சும்மா என்எஸ்லுக்கப்ப விட்டுருங்க, அது உள்ள போய் உக்காந்து ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டே இருக்குறதுக்கு, அது வேற வகை. டிஎன்எஸ்-லுக்கப்-ஹோஸ்ட் பின்னாடி ஓட்டுறது ஹோஸ்ட் புரோகிராம், ரெண்டு மூணு வரில பதில் முடிஞ்சிரும், டிக் கொட்டுற நீளத்துக்கு அது எவ்ளோவோ தேவல, ஆனா அதுக்குன்னு தனியா ஒரு கமாண்டு வேணுமான்னா எனக்கு தோணல. இஃப்கான்ஃபிக்ல பண்ணின மாதிரியே இங்கயும் டிக் இருந்தா டிக், இல்லன்னா ஹோஸ்ட், அதுவும் இல்லன்னா என்எஸ்லுக்கப்னு ஒரே கமாண்டா போட்டா வேலை முடிஞ்சுது.

அதுவரைக்கும் கான்ஃபிக்ல ரன்-டிக்க ஏதாவது ஒரு கீ ஷார்ட்கட்ல கட்டி வச்சிருக்கவங்க இப்பவே டிக்னு மாத்திக்கங்க, பழைய பேர் இப்போதைக்கு ஓடத்தான் செய்யுது.