கால் உடைந்த செண்டருக்கு எம்பீடா, லோப்பஸா?

எங்கள் சுங்கை சிப்புட் கூடைப்பந்து அணியில் செண்டராக, அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆளாக இருக்கும் பையனுக்குப் பாத எலும்பு உடைந்து ஒருவழியாகக் கூடியபோது, இனி அவனுக்கு எந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் இரண்டு முன்மாதிரிகள் இருந்தார்கள்: ஜோயல் எம்பீட், புரூக் லோப்பஸ். இருவரும் ஏழடிக்காரர்கள், இருவரும் பாதம் உடைந்து மீண்டவர்கள். நான் லோப்பஸ் பக்கம் சாய்ந்தேன்.

திறமையில் எம்பீட்தான் மேல், அதில் பேச்சே இல்லை. பாதத்தின் நாவிகுலர் எலும்பு முறிந்து முதல் இரண்டு சீசனும் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர், 2023இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2024 ஜனவரியில் சான் அந்தோனியோவுக்கு எதிராக 70 புள்ளிகள். அடுத்த மாதமே முழங்காலில் அறுவை. ஏப்ரலில் திரும்பி வந்து, முகவாதத்தோடு நியூயார்க்குக்கு எதிராக 50 புள்ளிகள் போட்டார். நெஞ்சுரத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அதற்கடுத்த சீசனின் 82 ஆட்டங்களில் அவர் ஆடியது 19.

லோப்பஸ் 2008இல் வந்தவர். முதல் மூன்று சீசனில் ஓர் ஆட்டத்தைக்கூட விடவில்லை. அப்புறம் வலது பாதம் உடைந்தது. 2011-12இல் 5 ஆட்டம், 2013-14இல் மறுபடி உடைந்து 17 ஆட்டம். அப்போதெல்லாம் அவர் வளையத்துக்கு அடியில் முதுகைக் கொடுத்துத் தள்ளி ஆடும் பழைய பாணி ஆள். தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று எறியும் மூன்று புள்ளிப் பந்துகளில், முதல் எட்டு சீசனிலும் சேர்த்து அவர் போட்டது மூன்றுதான். 2016-17இல் மட்டும் 134! 2021இல் மில்வாக்கி அணியோடு என்.பி.ஏ. கோப்பையும் வாங்கினார்.

என்னை முடிவெடுக்க வைத்தது உடம்புப் பராமரிப்பு. எம்பீட் ஆட்டம் என்றால் உள்ளே புகுந்து, மோதலை வரவழைத்து, எழும்பி, விழுந்து, மறுபடி எழும்புவது. ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் பாதத்தில் இறங்குகிறது. நாவிகுலர் எலும்பின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆறுவது மெதுவாகத்தான். பாதக் காயங்கள் துரத்தியதால்தான் யாவ் மிங் 2011இல், முப்பது வயதில் ஓய்வு பெற்றார். எம்பீடுக்கு டாக்டர் கூட்டமே இருக்கிறது, அடுத்தடுத்த இரவுகளில் ஆட வேண்டாம் என்று உட்கார வைக்க ஆள் இருக்கிறது. எங்கள் பையன் பகலில் செம்பனைக் குலை ஏற்றிவிட்டு, சாயங்காலம் சிமெண்ட் தரையில் ஆடுகிறவன். பிசியோ பார்க்க வேண்டுமானால் ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டும். சப்பாத்து தேய்ந்தால் அடுத்தது எப்போது என்பது அப்பாவின் சம்பளத்தைப் பொறுத்தது.

லோப்பஸ் வழிக்கு இவ்வளவு செலவில்லை. தடுப்பில் அவர் எவரையும் துரத்தி ஓடுவதில்லை. வளையத்துக்குப் பக்கமாகப் பின்வாங்கி நின்று, கையை நேராகத் தூக்குகிறார். எறிதலையும் கால் முழுதாகத் தேறும் முன்பே தொடங்கிவிடலாம். நாங்கள் முதலில் நாற்காலியில் உட்கார வைத்து மணிக்கட்டை மட்டும் பழக்கினோம். அப்புறம் நின்றபடி ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது, அதற்குப் பிறகு ஆடுகளத்தின் மூலையிலிருந்து. குதித்து எறிவது கடைசியில்தான்.

அவன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "என்னா கோச், இவ்வளவு ஒசரத்தை வச்சிக்கிட்டு வெளிய நின்னு எறியிறான்? உள்ள போயி மோதச் சொல்லுங்க" என்றார். மோதல் இல்லாமல் இல்லையே! ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, லோப்பஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எதிராளியைத் தன் முதுகால் அடைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார், பந்தைப் பக்கத்து ஆள் எடுத்துக்கொள்வான். ஏழடி ஆளுக்கு ரீபவுண்ட் இவ்வளவுதானா என்று கணக்கைப் பார்த்துக் கேலி செய்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. என் கண்ணுக்கு அதுவும் உரம்தான், தரையில் விழாமல் காட்டுகிற உரம்.

இந்த வழியில் காயமே வராது என்று சொல்லவில்லை. 2021 டிசம்பரில் லோப்பஸுக்கு முதுகில் அறுவை நடந்தது. ஆனால் அடுத்த சீசனில் 78 ஆட்டம் ஆடி, சிறந்த தடுப்பாட்டக்காரர் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார், அதுவும் 35ஐத் தொடும் வயதில். இன்னொன்று, அவர் ஆரம்பத்திலிருந்தே ஃப்ரீ த்ரோ நன்றாகப் போடுகிறவர். எங்கள் பையனுக்கும் அந்தக் கை இருந்ததால்தான் துணிந்தேன். கை இல்லாதவனுக்கு இது சரிவருமா என்பது சந்தேகம். காயத்துக்குப் பிறகு நான் பயிற்சி கொடுத்த செண்டரும் இவன் ஒருவன்தான். காயமே படாத 14 வயதுப் பையனாக இருந்தால் முதலில் வளையத்தடியில் கால் வைக்கத்தான் சொல்லிக்கொடுப்பேன், எம்பீட் வீடியோவையும் காட்டுவேன்.

இப்போதைக்கு இவன் மூலையிலிருந்து எறிகிறான். உள்ளே புகுந்து ஆடுவது மேட்சில் மட்டும், அதுவும் முந்தின நாள் பாதத்தில் வலி இல்லை என்றால்தான்.