பெயர்ப்பலகை இல்லாத சைக்கிள் கடை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், விசுவமடுவை அண்டிய ஒரு குறுக்கொழுங்கையின் வாயிலில், புளியமரத்தின் கீழ் இருக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரையும், முன்னால் ஒரு வாங்கும், மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட பழைய ரயரும்தான் அதன் அடையாளம். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக என் சைக்கிளை நான் அங்கேதான் கொடுத்து வருகிறேன். வேலை திறமானது, கூலி நியாயமானது. ஆனால் அவசரக்காரருக்கு இந்தக் கடை உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த நாட்களில், நகரத்துக் கடை ஒன்றில் பழைய லுமாலா சைக்கிள் ஒன்றை அன்றைய ஏறிய விலைக்கு வாங்கினேன். பின் சில்லின் அச்சும் குண்டும் புதிதாகப் போட்டவை என்று அங்கே சொன்னார்கள். இரண்டு மாதம் செல்வதற்குள் சில்லு இரு பக்கமும் ஆடத் தொடங்கியது. சில்லையே மாற்ற வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். முதலாளி அச்சைக் கழற்றி, அச்சில் பூட்டும் கூம்பு மரையான கோனைத் துணியால் துடைத்து, குண்டுகள் ஓடி ஓடி அரித்த பள்ளத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “சில்லு மாத்தத் தேவையில்லை, தம்பி. கோனும் குண்டும் போட்டாக் காணும்” என்றார். விற்பனைக்கு வைத்திருந்த புதிய சில்லு ஒன்று அவருடைய தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் வேறு கடைக்குப் போகவில்லை.

அவர் சில்லின் வளைவு எடுப்பதைப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் வாங்கில் இருக்கலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழலவிட்டு, ஒரு சோக்குத் துண்டைக் கவட்டில் ஊன்றி றிம்மின் ஓரத்துக்கு மிக அருகே பிடிப்பார். வளைந்த இடம் மட்டும் சோக்கில் உரசி வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டு, மந்தமாக ஒலிப்பதைக் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை அதே அளவு தளர்த்துவார். பிறகு கோட்டை அழித்துவிட்டு மீண்டும் சுழற்றுவார். ஒட்டுப் போடுவதிலும் இதே பொறுமைதான். ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டபின், ரயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவி, ஒடிந்து நிற்கும் விடத்தல் முள்ளைத் தேடி எடுக்காமல் அவர் ரியூப்பைத் திரும்பப் போடுவதில்லை. அதைச் செய்யாத கடைகளில் ஒரே ஓட்டைக்கு இரண்டு தடவை காசு கொடுத்த அனுபவம் வன்னியில் யாருக்குத்தான் இல்லை?

தொழிலை அவர் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெரிய தகப்பனாரின் கடையில் சிறுவனாக நின்று பழகியிருக்கிறார். உதிரிப்பாகம் வராத காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலமும் அதுதான். 2009இல் மக்கள் கைவிட்டுப் போன சைக்கிள்கள் முள்ளிவாய்க்கால் மணலில் குவிந்து கிடந்தன. தன்னுடையதும் அதற்குள் ஒன்று என்று ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஊர் திரும்பி, தறப்பாளின் கீழ் ஒரு பம்மையும் நான்கு சாவிகளையும் வைத்துத் தொடங்கியதுதான் இப்போதைய கடை.

கடைக்குப் பின்கதவு நேரே வீட்டுக் குசினியில் திறக்கிறது. அவருடைய கை முழுவதும் கிறீஸ் என்பதால் கடன் கொப்பியை அவர் தொடுவதில்லை; மனைவிதான் எழுதுகிறார். பாடசாலைச் சீருடையில் வரும் பிள்ளையிடம் காற்றடிக்கவோ ஒட்டுப் போடவோ காசு வாங்குவதில்லை. வயல் செய்பவர்களின் கணக்கு, காலபோக அறுவடை முடிந்து நெல் விற்கும் மாசி மாதம் வரை கொப்பியிலேயே கிடக்கும். ஒருநாள் தகப்பனில்லாத மாணவி ஒருத்திக்குப் புது ரயர் போட்டுவிட்டு, “எழுதாதையும்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். “அதை எழுதேல்லை, போன கிழமையான் ரண்டையும் நீங்கள்தான் எனக்குச் சொல்லேல்லை” என்று உள்ளிருந்து பதில் வந்தது. வாங்கில் இருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். தாராளம் அவருடையது, ஆனால் கடை இன்னும் திறந்திருப்பதற்கு அந்த அம்மாவின் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. பகல் ஒன்றரை மணிக்குப் பிள்ளைகள் பாடசாலையால் வந்ததும் கடையைச் சாத்திவிட்டு, மூன்று பிள்ளைகளோடும் இருந்து சாப்பிட்டு மூன்று மணிக்குத்தான் திறப்பார். வெளியில் எத்தனை பேர் நின்றாலும் அதில் மாற்றமில்லை. கைத்தொலைபேசிக்கு அழைத்தால் எடுப்பதில்லை. கியர் சைக்கிள்களுக்கு உரிய பாகங்கள் அவரிடம் இல்லை, அவற்றில் அவருக்குப் பெரிய விருப்பமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் செயினிலும் பிறேக்கிலும் கறள் பிடித்து எல்லோரும் ஒரேயடியாக வருவதால் இரண்டு மூன்று நாள் தாமதம் நிச்சயம். சொந்த மகனின் சைக்கிளுக்குக்கூட இரண்டு மாதமாக மணி பூட்டவில்லை. கேட்டால், அது காசு தராத வாடிக்கையாளர் என்கிறார்.

முழுச் சைக்கிளையும் கழற்றிப் பூட்டுவிக்க விரும்புபவர்கள் சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது நல்லது. கிழமை நாட்களில் காலை ஏழு மணிக்குப் போனால் உங்களுக்கு முன்னால் வெள்ளைச் சீருடைகள் நிற்கும். நீங்கள் எவ்வளவு முந்தி வந்தவராக இருந்தாலும், கடைசிப் பிள்ளை மிதித்துப் போன பிறகுதான் உங்கள் சைக்கிளின் பக்கம் திரும்புவார். அதுவரைக்கும் பின்கதவால் வெறும் தேநீர் வரும்.